தேர்வு நாளில் அருங்காட்சியகம்

போன வருடம் ஹியாங்மியின் முகம் பத்திரிகையில் வந்துவிட்டது. கல்லூரி நுழைவுத் தேர்வு நாளன்று மலைக்கோயில்களில் விழுந்து கும்பிடும் தாய்மார்களைப் படமெடுத்துப் போடுவது சியோல் பத்திரிகைகளின் வழக்கம். அத்தனை பெண்களுக்கு நடுவில் புகைப்படக்காரர் அவளைத்தான் பிடித்தார். நெற்றி தரையைத் தொடுவதற்குச் சற்று முன், கண்ணை இறுக மூடி, உதட்டைக் கடித்தபடி இருந்தாள். மறுநாள் முதல் பக்கத்தில் அந்தப் படம் பெரிதாக வந்தது. அவள் கணவன் மான்சுவின் குடும்பம் மூன்று தலைமுறையாகச் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. எல்லோரும் வழக்கத்தைவிட அன்பாகப் பேசினார்கள். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

மகள் தாவோனுக்கு அந்த வருடமும் இடம் கிடைக்கவில்லை.

இந்த வருடம் மூன்றாவது முறை. நாலாவது கிடையாது என்று மான்சு சொல்லிவிட்டான். கோபமாகச் சொல்லவில்லை. அச்சகத்தில் கை கழுவிக்கொண்டே, காகிதம் தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னான். தாவோன் தலையை ஆட்டினாள். கோடை முடிந்ததிலிருந்தே அவள் வீட்டில் பேச்சைக் குறைத்திருந்தாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவ்வளவுதான். இரவில் எழுந்தால் மகளின் அறைக் கதவில் காதை வைத்து மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பது ஹியாங்மிக்குப் பழக்கமாகியிருந்தது. ஏன் அப்படிச் செய்கிறோம் என்று தன்னிடமேகூட அவள் சொல்லிக்கொண்டதில்லை.

இன்று காலை தேர்வுப் பள்ளியின் வாசல்வரை கூடப் போனாள். தேர்வு எழுதுகிறவர்களை உற்சாகப்படுத்த ஜூனியர் பெண்கள் மேளம் தட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். வேறு தாய்மார்கள் இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். தாவோன் சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டு, "குளுருது, போம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

சர்ச்சில் அன்று முழுவதும் பெற்றோர்களுக்கான ஜெபக் கூட்டம் இருந்தது. முதல் தாள் தொடங்கும்போது முதல் ஜெபம், இரண்டாம் தாளுக்கு இரண்டாம் ஜெபம் என்று தேர்வு அட்டவணையை ஒட்டியே நடக்கும். ஹியாங்மி ஒற்றைத் தலைவலி என்று சர்ச்சுக்குச் செய்தி அனுப்பினாள். சர்ச்சில் இருப்பதாக மான்சுவுக்குச் செய்தி அனுப்பினாள். பிறகு அடுத்த பேருந்து நிறுத்தத்தில் இருந்த பெரிய அருங்காட்சியகத்துக்கு நடந்தாள். இதை அவள் பல வாரங்களாக யோசித்து வைத்திருந்தாள். அங்கே புத்தர் உண்டு, ஊதுவத்தி கிடையாது. புகைப்படக்காரர் வரமாட்டார். யாராவது பார்த்தாலும், மனசு நிலைகொள்ளவில்லை, சிலைகளைப் பார்க்கலாம் என்று வந்தேன் என்று சொல்லிவிடலாம். அதற்கு அனுமதிச் சீட்டுகூட வேண்டியதில்லை.

மூன்றாம் மாடியில், புத்தச் சிற்பங்களின் கூடத்தில், ஆளுயரத்துக்கு மேலான இரும்புப் புத்தர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். இரண்டு முன்கைகளும் இல்லை. வந்தவுடன் அதுவே அவளுக்குப் பெரிய கவலையாகிவிட்டது. கை இருந்தால்தான் முத்திரை தெரியும், முத்திரை தெரிந்தால்தான் எந்தப் புத்தர் என்று தெரியும். நோய் தீர்க்கிறவரா, இறந்தவர்களை அழைத்துப் போகிறவரா? இறந்தவர்களுக்கான புத்தரிடம் போய் மகளின் தேர்வை ஒப்படைத்துவிட்டால் என்ன ஆவது? பக்கத்தில் இருந்த பலகையில் நூற்றாண்டும் உலோகமும் எழுதியிருந்தன. பெயர் இல்லை. வேறு சிலைக்குப் போகலாமா என்று நினைப்பதற்குள் முதல் தாள் தொடங்கும் நேரம் வந்துவிட்டது. கைப்பையிலிருந்து மடித்த சிறு விரிப்பை எடுத்துத் தரையில் போட்டாள்.

சீருடை போட்ட காவல் பெண் சத்தமில்லாமல் வந்து நின்றாள்.

"அம்மா, தரையில உக்காரக் கூடாது."

"உக்காரல. கும்பிடத்தான்..."

"அது அதைவிடக் கூடாது." அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "பெஞ்சுல உக்காந்து மனசுக்குள்ள என்ன வேணாலும் செஞ்சுக்குங்க. இன்னிக்கு உங்களோட சேத்து ஆறேழு பேர்கிட்ட சொல்லிட்டேன்."

ஹியாங்மி பெஞ்சில் உட்கார்ந்து மனதுக்குள் நூற்றெட்டு முறை விழுந்து எழப் பார்த்தாள். உடம்பால் செய்கிறபோது எண்ணிக்கை தப்பாது. மனதுக்குள் செய்கிறபோது எங்கே விட்டோம் என்று தெரியாமல் மீண்டும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அப்படித் தொடங்கும் ஒவ்வொரு முறையும் தாவோன் ஒரு கேள்வியைத் தவறவிட்டதுபோலத் தோன்றியது.

இரண்டாம் தாள், கணிதம், ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். பெஞ்சின் மறுமுனையில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். தைலத்தின் வாசனை வந்தது. ஹியாங்மி ஓரக்கண்ணால் பார்த்தாள். பார்த்த கண்ணை அப்படியே மூடிக்கொண்டாள். கும்ரான்! சர்ச்சில் பெண்கள் ஜெபக் குழுவின் தலைவி. இந்நேரம் மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் ஜெபத்தை நடத்திக்கொண்டிருக்க வேண்டியவள்.

கும்ரானும் அவளைப் பார்த்துவிட்டாள். இருவரும் சற்று நேரம் இரும்புப் புத்தரையே பார்த்தார்கள்.

"தாவோன் அம்மா, தலைவலி எப்படி இருக்கு?" என்றாள் கும்ரான் கடைசியில்.

"பரவாயில்ல அக்கா. நீங்க... சிலை பாக்க வந்தீங்களா?"

"ஆமா. சிலைன்னா எனக்கு உயிரு. உனக்குத் தெரியாதா?"

"எனக்கும்தான்."

கும்ரானின் தோள் குலுங்கியது. அவள் சிரிப்பை அடக்குகிறாள் என்று ஹியாங்மிக்குப் புரிய ஒரு நொடி ஆனது.

"அடிப் பாவி, போன வருஷம் பேப்பர்ல போஸ் குடுத்தியே, அந்தப் படத்தைப் பாத்துட்டு நான் என்ன நெனச்சேன் தெரியுமா? இவளுக்கு இருக்கற தைரியம் எனக்கில்லயேன்னு நெனச்சேன்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே அக்கா! நான் ஒரு மாசம் தூங்கல."

"சொல்லிட்டு? உன்கூடச் சேந்து நானும் தூங்காம இருக்கவா?" கும்ரான் கூடத்தின் இரண்டு வாசல்களையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "அங்க மொத்தச் சபையும் ஒரே நேரத்துல கேக்குது. எல்லாருக்கும் வேண்டியது அதே நாலு காலேஜு. எங்க பையன் தேக்யமுக்கு ஒரு மார்க் கூடணும்னா இன்னொருத்தி பிள்ளைக்கு ஒண்ணு கொறையணும். மைக்ல நின்னு எல்லாப் பிள்ளைகளையும் ஆசீர்வதியும்னு சொல்றப்ப என் நாக்கு ஒட்டிக்குது. இங்க பாரு, கூட்டமே இல்ல."

"மைக்க யார்கிட்ட குடுத்தீங்க?"

"பாஸ்டர் சம்சாரத்துகிட்ட. பல்லுவலின்னு சொன்னேன்." கும்ரான் கன்னத்தைத் தொட்டுக் காட்டிவிட்டு, புத்தரைப் பார்த்தாள். "இவருக்கு ஏன் கையில்ல?"

"தெரியல அக்கா. நானும் அதையேதான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

அப்போதுதான் கூடத்தின் மறுபக்க வாசல் வழியாக ஒரு பெண் உள்ளே வந்தாள். முழங்காலுக்குக் கீழே தொங்கும் பஞ்சடைத்த கறுப்புக் கோட்டும் சாம்பல் நிற விளையாட்டுக் கால்சட்டையும் போட்டிருந்தாள். தோளில் துணிப் பை. வலது காலைச் சற்று வெளிப்பக்கமாக வைத்து நடந்தாள்.

அந்த நடையை ஹியாங்மி மகளின் ஒரு வயதிலிருந்து பார்த்து வருகிறாள்.

தாவோன் இந்நேரம் பள்ளியில் இருக்க வேண்டும், கணிதத் தாள் நடந்துகொண்டிருக்கிறது என்று மட்டும் மனதில் ஓடியது. பிறகு, தேர்வு ரத்தாகிவிட்டதா? பிறகு, அவளுக்கு உடம்பு சரியில்லையா? கடைசியாகத்தான் உண்மை வந்தது. பாதியில் எழுந்து வந்துவிட்டாள்.

"ஏ, அது உங்க தாவோன் இல்ல?" கும்ரான் கழுத்தை நீட்டினாள்.

இது வெளியே போனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சபை முழுக்கத் தெரிந்துவிடும், மான்சு யாரோ சொல்லிக் கேட்டுத் தெரிந்துகொள்வான். அவ்வளவுதான் அவள் யோசித்தது. குரல் தானாக வந்தது, தேவைக்கு மேல் சத்தமாகவே வந்தது.

"இல்ல அக்கா. அது யாரோ பெத்த பொண்ணு. என் பொண்ணு பரீட்சை ஹால்ல இருக்கா."

கல் தரை. உயரமான கூரை. அந்தக் கூடத்தில் செருப்பை இழுத்தால்கூட எதிர்ச்சுவர்வரை கேட்கும். அந்தப் பெண் நின்றாள். ஒரு கல்தூணுக்குப் பின்னால் நின்றதால் முகம் தெரியவில்லை. பிறகு வந்த வழியே திரும்பிப் போனாள்.

"நல்லவேளை, எனக்குக் கொல நடுங்கிப் போச்சு" என்றாள் கும்ரான். "இந்த வயசுல எல்லாம் ஒரே கோட்டுதான் போடுதுங்க. பின்னாலருந்து பாத்தா எம்பிள்ளையா உன் பிள்ளையான்னே தெரியல."

"அக்கா, நான் பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்."

"கணக்குப் பரீட்சை நடுவுலயா? அடக்கிக்கடி, முடியட்டும்."

"முடியல அக்கா."

ஓடக் கூடாது என்று தெரிந்தே அவள் ஓடினாள். வாசலுக்கு வெளியே நடைவழி இரண்டு பக்கமும் நீண்டு கிடந்தது. நடுவில் கட்டடம் முழுவதும் கீழ்த்தளம்வரை திறந்திருந்தது. கண்ணாடிக் கைப்பிடிச் சுவருக்கு அப்பால் மிகக் கீழே மனிதத் தலைகள் மெல்ல நகர்ந்தன. ஹியாங்மி முதலில் பார்த்தது அந்தக் கைப்பிடிச் சுவரைத்தான், அதன் நீளம் முழுவதையும். அங்கே யாரும் சாய்ந்து நிற்கவில்லை என்று உறுதியான பிறகுதான் மூச்சு விட்டாள்.

பீங்கான் கூடத்தில் கறுப்புக் கோட்டு தெரிந்தது. பச்சைக் கிண்ணங்கள் வைத்த கண்ணாடிப் பேழைகளுக்கு இடையில் தாவோன் மெதுவாக நடந்துகொண்டிருந்தாள். ஹியாங்மி கூப்பிட வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். கூப்பிட்டால் ஓடிவிடுவாளோ என்று பயம். கூப்பிடாவிட்டால் கண்ணிலிருந்து மறைந்துவிடுவாளோ என்று அதைவிடப் பயம். தாவோனிடம் தொலைபேசியும் கிடையாது. தேர்வு அறைக்குள் கொண்டுபோகக் கூடாது என்று வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனாள். இந்தக் கட்டடத்தைவிட்டு வெளியே போய்விட்டால் இந்த நகரத்தில் எங்கே தேடுவது?

ஒரு வெள்ளைச் சாடிக்கு முன் தாவோன் நின்றாள். சாடியின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிடச் சற்றுத் தாழ்ந்திருந்தது. வெளிநாட்டுத் தம்பதி ஒன்று வந்து படமெடுத்துக்கொண்டு போனது. தாவோன் அசையவில்லை. பேழையின் கண்ணாடியில் மகளின் முகம் மங்கலாக விழுந்தது. அழுகிறாளா என்று ஹியாங்மி உற்றுப் பார்த்தாள். அழவில்லை. அழாமல் இருப்பது நல்லதா கெட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

பிறகு தாவோன் நகரும் படிக்கட்டில் கீழே இறங்கினாள். ஹியாங்மி நாலைந்து படி தள்ளி, ஒரு உயரமான மனிதரின் முதுகுக்குப் பின்னால் நின்றபடி இறங்கினாள். இரண்டாம் மாடியில் பழைய ஓவியங்கள். விளக்கு மங்கலாக எரிந்த அறைகளில் கறுப்புக் கோட்டு அடிக்கடி இருட்டோடு கலந்தது. ஒரு முறை வேறொரு பெண்ணின் பின்னால் பாதி அறை நடந்துவிட்டாள். அந்தப் பெண் திரும்பிப் பார்த்தபோதுதான் அது தாவோன் இல்லை என்று தெரிந்தது. ஓடிப்போய் அடுத்த அறை, அதற்கடுத்த அறை என்று பார்த்தாள். மலையும் பனியும் வரைந்த நீண்ட சுருள் ஓவியத்தின் அருகே இருந்த காவலரிடம், "கறுப்புக் கோட்டு போட்ட பொண்ணு இந்தப் பக்கம் வந்தாளா?" என்று கேட்டாள்.

"எல்லாருமே கறுப்புக் கோட்டுதாம்மா" என்றார் அவர்.

நடைவழிக்கு ஓடி வந்து நிமிர்ந்து பார்த்தாள். மேலே, மூன்றாம் மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் இரண்டு முழங்கைகளையும் ஊன்றி, தாவோன் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நகரும் படிக்கட்டில் எப்படி ஏறினாள் என்று பிறகு யோசித்தாலும் அவளுக்கு நினைவில்லை. யாரையோ இடித்தாள், யாரோ திட்டினார்கள். கடைசி சில அடிகளை மட்டும் மெதுவாக நடந்தாள். மகளின் பக்கத்தில் போய் நின்று, அவள் கோட்டின் முதுகுப் பக்கத் துணியை ஒரு கைநிறையப் பிடித்துக்கொண்டாள்.

தாவோன் திரும்பாமலே, "துணி கிழியும்மா" என்றாள்.

"கிழியட்டும்."

"நான் ஒண்ணும் செஞ்சுக்க மாட்டேன். சும்மா பாத்துக்கிட்டு இருக்கேன். நீ கீழ அங்கயும் இங்கயும் ஓடறதத்தான் பாத்தேன்."

ஹியாங்மி துணியை விடவில்லை. பேச முடிந்தபோது முதலில் வந்தது கோபம்தான்.

"எப்ப எழுந்து வந்த?"

"மொதப் பரீட்சை எழுதினேன். கணக்குத் தாள் குடுத்தாங்க. மொதப் பக்கத்துல இருந்தது அத்தனையும் தெரிஞ்சுதும்மா. அப்பறமும் கை எழுதல. பென்சிலப் பாத்துக்கிட்டே இருந்தேன். வாத்தியார் வந்து உடம்பு சரியில்லயான்னு கேட்டார். ஆமான்னு சொன்னேன்."

"தெரிஞ்சும் எழுதலயா?"

"தெரிஞ்சுதாலதான் பயமா இருந்துச்சு. எழுதினா இடம் கெடச்சுடும், அப்பறம் நீங்க சொல்ற படிப்பு, அந்த வேலைன்னே போயிடுவேன்னு தோணுச்சு."

ஹியாங்மிக்கு அது புரியவில்லை. புரியாததை இப்போது கேட்பதற்கும் தைரியமில்லை.

"இங்க ஏண்டி வந்த?"

"வேற எங்க போறது? இன்னிக்கு இந்த வயசுல ஒருத்தி சாப்பாட்டுப் பையோட தெருவுல நடந்தா போறவன் வர்றவன் எல்லாம் நிறுத்திக் கேப்பான். பஸ்ல ஏறினா டிரைவர் கேப்பார். இங்க எல்லாரும் பேழைக்குள்ளதான் பாக்கறாங்க." தாவோன் இப்போதுதான் திரும்பினாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "நீ சர்ச்சுலதானே இருக்கணும்?"

"ஆமா. இருக்கணும்."

இருவரும் கீழே பார்த்தார்கள். கீழ்த்தளத்தில் ஒரு மழலையர் பள்ளிக் குழந்தைகள் ஆளுக்கொரு கயிற்று வளையத்தைப் பிடித்துக்கொண்டு வரிசையாகப் போனார்கள்.

"சாயங்காலம் என்ன செய்யறதா இருந்த?" என்று கேட்டாள் ஹியாங்மி. "அப்பா கேக் வாங்கிக்கிட்டு ஸ்கூல் வாசலுக்கே வர்றாரு."

"தெரியும். பரீட்சை முடியறதுக்கு முன்னாடி பின்பக்கத் தெரு வழியா போயி, எல்லாரும் வெளிய வர்றப்ப நடுவுல கலந்துடலாம்னு இருந்தேன்."

நல்ல யோசனை. அந்த எண்ணம் பளிச்சென்று வந்ததும் ஹியாங்மியின் உடம்பே லேசானது. கலந்துவிடலாம். அவளே அந்தப் பின்பக்கத் தெருவைக் காட்டிவிடுவாள். மான்சு கேக்கோடு நிற்பான், படம் எடுத்துக்கொள்வார்கள், இன்றைக்கு ஒரு நாளாவது அவன் சிரிப்பான். டிசம்பரில் மதிப்பெண் வரும்போது சரியாக எழுதவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். அதுவரை மூச்சுவிட நேரம் இருக்கும். அவள் அதைச் சொல்வதற்காக மகளின் முகத்தைப் பார்த்தாள்.

"நீயும் அதான் நெனக்கற" என்றாள் தாவோன்.

"உனக்காகத்தாண்டி."

"எனக்காகத்தான் அங்க யாரோ பெத்த பொண்ணுன்னு சொன்னியா?"

ஹியாங்மியின் கை கோட்டிலிருந்து தானாக விடுபட்டது.

"கேட்டுச்சும்மா. உன்னைப் பாத்ததும் ஓடி வரலாம்னுதான் நெனச்சேன். கும்பிடத்தான் வந்திருக்கன்னு பாத்ததுமே புரிஞ்சுது, எனக்குச் சிரிப்புகூட வந்துச்சு. அப்பத்தான் சொன்ன." தாவோனின் குரல் உயரவில்லை. "சாயங்காலம் வாசல்ல நின்னு சிரிச்சா, டிசம்பர் வரைக்கும் சிரிக்கணும். என்னால முடியாது. நீ மூச்சு கேக்குதான்னு ராத்திரி கதவுகிட்ட வந்து நிக்கறது எனக்குத் தெரியும். நான் அப்ப மூச்சக் கொஞ்சம் சத்தமா விடுவேன், நீ போய்ப் படுக்கணும்னு. அதுகூட முடியல இப்ப."

ஹியாங்மி மறுபடியும் கோட்டின் துணியைப் பிடித்துக்கொண்டாள்.

"தாவோன் அம்மா!" கும்ரானின் குரல் நடைவழி முழுக்கக் கேட்டது. புத்தர் கூடத்திலிருந்து கைப்பையை ஆட்டிக்கொண்டு வந்தாள். "பாத்ரூம் போனவ பூசானுக்கே ரயில் ஏறிட்டியா? கணக்கு முடிஞ்சு சாப்பாட்டு வேளையே வந்துடுச்சு. வா, ஒரு நூடுல்ஸ் சாப்பிட்டுட்டு..."

தாவோன் கோட்டின் தொப்பியைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு கைப்பிடிச் சுவர்ப் பக்கம் திரும்பினாள். மறைப்பது அவளுக்கும் பழகிவிட்டது. அம்மா இன்னொரு தடவை சொல்லப் போகிறாள் என்று எதிர்பார்த்து, அதற்கு வசதியாக முகத்தை மறைத்துக் கொடுத்தாள். அதைப் பார்த்ததும் ஹியாங்மி கும்ரான் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, உள்ள நான் சொன்னது பொய். இவ தாவோன்தான். என் பொண்ணுதான். கணக்குத் தாள எழுதாம எழுந்து வந்துட்டா."

கும்ரான் நின்ற இடத்திலேயே நின்றாள். தொப்பிக்குள் இருந்த முகத்தைக் குனிந்து பார்த்தாள். ஹியாங்மி கும்ரானின் முகத்தில் இரக்கத்தை எதிர்பார்த்தாள், அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கும் நிம்மதியையும் எதிர்பார்த்தாள். இரண்டுமே வரவில்லை. கும்ரானின் உதடு வெளுத்தது.

"எழுந்து வர விடறாங்களா?" என்றாள் மெதுவாக.

"விடறாங்க ஆண்ட்டி. கையெழுத்துப் போட்டா விட்டுடுவாங்க" என்றாள் தாவோன்.

"வீட்டுக்குத் தகவல் சொல்ல மாட்டாங்களா? ஒரு போன்?"

"நான் மேஜர் ஆயிட்டேன் ஆண்ட்டி. யாருக்கும் சொல்லல."

"தேக்யமும் மேஜர் ஆயிட்டானே." கும்ரான் தொலைபேசியை எடுத்தாள். யாரை அழைப்பது என்று தெரியாமல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "காலையில அவன் சரியாவே சாப்பிடல. நல்லா எழுதுவேன்னு சிரிச்சான். அவன் சிரிக்கவே மாட்டான், தாவோன் அம்மா. ஏன் சிரிச்சான்? நீ அவனப் பாத்தியாம்மா? அவனும் எழுந்து வந்தானா?"

"அது பசங்க ஸ்கூல் ஆண்ட்டி. வேற ஏரியா. எனக்கு எப்படித் தெரியும்?"

"ஆமா. ஆமா, வேற ஏரியா." கும்ரான் தலையை ஆட்டிக்கொண்டே கீழ்த்தளத்தைப் பார்த்தாள், எதிர்ப்பக்க நடைவழியைப் பார்த்தாள். ஒவ்வொரு கறுப்புக் கோட்டிலும் அவள் கண் நின்று நகர்ந்தது. "நான் ஒரு சுத்து பாத்துட்டு வந்துடறேன். ஒண்ணுமில்ல. சும்மாதான்." பல்லுவலிக்காரியைப்போல ஒரு கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, பீங்கான் கூடத்தை நோக்கி வேகமாக நடந்தாள்.

தாவோன் தொப்பியை இறக்கினாள்.

"அந்த ஆண்ட்டி சபையில சொல்லிடுவாங்களா?"

"தெரியல. சொன்னாலும் சொல்லட்டும்." ஹியாங்மி கைப்பையிலிருந்து தொலைபேசியை எடுத்தாள். "அப்பாகிட்ட நாமதான் முதல்ல சொல்லணும். இப்பவே."

"இப்பவேவா? வேலையில இருப்பாரே."

"சாயங்காலம் கேக்கோட நிக்கறப்ப சொல்றதுக்கு இது மேல்."

அவள் எண்ணை அழுத்தினாள். மணி அடிக்க அடிக்க, மான்சு எடுக்காமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். பாதி அச்சடித்த தாளை விட்டுவிட்டு அவன் எடுக்க மாட்டான், நிச்சயம் எடுக்க மாட்டான். எடுத்துவிட்டான். பின்னால் அச்சு இயந்திரம் தடதடவென்று ஓடும் சத்தம்.

"என்ன? சர்ச்சுல சாப்பாடு போட்டாச்சா?" அவன் சத்தத்துக்கு மேல் கத்தினான். "கேக் சொல்லிட்டேன். ஸ்ட்ராபெரி. அவளுக்குப் பிடிக்குமே? ஹலோ?"

"நான் சர்ச்சுல இல்லங்க" என்றாள் ஹியாங்மி. "தாவோன் என் பக்கத்துல நிக்கறா."

"என்ன? சரியாக் கேக்கல."

அவள் மறுபடியும் சொன்னாள், ஒவ்வொரு சொல்லாக. அந்தப் பக்கம் யாரோ விசையை இழுத்த சத்தம் கேட்டது. இயந்திரம் தன் வேகத்திலேயே இன்னும் சில தாள்களைத் தள்ளிவிட்டு ஓய்ந்தது. அந்த அமைதிக்குள் மான்சு மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

தாவோன் கையை நீட்டித் தொலைபேசியை வாங்கிக்கொண்டாள்.